பொண்ணா? அப்போ ஹேக்குதான்!

பிள்ளை தூங்கினதும் ராத்திரி கொஞ்ச நேரம் மொபைலில் சுட்டு விளையாடுவது என் வழக்கம். நாலு பேர் சேர்ந்து ஒரு ஸ்குவாட், அதாவது ஒரே அணி. மைக்கை ஆஃப்பிலேயே வைத்திருப்பேன். போன வாரம் ஏதோ ஞாபகத்தில் ஆன் செய்து, "பின்னாடி ஆள் வர்றான், பாத்து" என்று சொல்லித் தொலைத்தேன்.

ரெண்டு நொடி சத்தமே இல்லை. அப்புறம், "டேய், பொண்ணுடா!"

அதோடு எதிரியை யாரும் தேடவில்லை. எந்த ஊரு, கல்யாணம் ஆயிடுச்சா, இன்ஸ்டா ஐடி என்ன. பதில் வரவில்லை என்றதும் கெட்ட வார்த்தை. அந்த மேட்ச்சில் 7 கில் எடுத்திருந்தேன், அதாவது ஏழு எதிரிகளைச் சுட்டு வீழ்த்தியிருந்தேன். "இது உங்க அண்ணனோட ஐடி தானே, இல்ல வேற ஆளு ஆடித் தர்றானா?" என்றான் ஒரு தம்பி. குரலைக் கேட்டால் மீசையே முளைத்திருக்காது.

கெகுரியை நினைத்துக்கொண்டேன். ஓவர்வாட்ச் என்ற, அணியாகச் சுட்டு ஆடும் கம்ப்யூட்டர் கேமில் தென்கொரியாவின் ஆட்டக்காரி. (கெகுரி என்றால் கொரிய மொழியில் தவளை.) 2016-ல், பள்ளிக்கூட வயசில், சார்யா என்ற பாத்திரத்தை வைத்து அவள் குறி பிசகாமல் சுட்டதைப் பார்த்து எதிரணிக்காரர்கள் ஹேக் என்றார்கள், அதாவது திருட்டு மென்பொருள் வைத்து ஏமாற்றுகிறாள் என்று. ஹேக் இல்லையென்றால் நாங்கள் ஆட்டத்தையே விடுகிறோம் என்று சவால் வேறு. கத்தியோடு வருவதாகக்கூட மிரட்டல். விளையாட்டை நடத்தும் நிறுவனமே ஹேக் இல்லை என்று சொல்லியும் வாய்கள் அடங்கவில்லை. கடைசியில் மாஸ்க்கை மாட்டிக்கொண்டு, கையும் மவுஸும் தெரிகிற மாதிரி கேமரா முன்னால் உட்கார்ந்து, நேரலையில் ஆடிக் காட்டினாள். சீதைக்கு நெருப்பு, இவளுக்கு லைவ். சவால் விட்டவர்கள் விலகிப் போனார்கள், அந்த மட்டும் ரோஷம் இருந்தது.

2018-ல் அந்த விளையாட்டின் தொழில்முறைப் போட்டித் தொடரான ஓவர்வாட்ச் லீக்கில் சேர்ந்த முதல் பெண்ணும் அவள்தான். சீசன் நடுவில் அவள் போய்ச் சேர்ந்த ஷாங்காய் டிராகன்ஸ் அணி, அந்த வருஷம் ஆடிய 40 மேட்ச்சிலும் தோற்றது. எனக்கு அவளிடம் ரொம்பப் பிடித்த இடம் அதுதான். ஜெயித்தால் ஹேக், தோற்றால் "பொண்ணுங்களுக்கு இதெல்லாம் வராது" என்கிற உலகத்தில், போய் உட்கார்ந்து, மற்ற பசங்களோடு பசங்களாகத் தோற்றாள்.

"இது பசங்க சமாச்சாரம்" என்பவர்களுக்கு ஒன்று. பெரியப்பா வீட்டு டிவி கேமில், ஆற்றுக்கு மேலே ஃபியூல் பிடித்துக்கொண்டே பறக்கும் விமானத்துக்காக அண்ணன்களோடு சண்டை போட்டிருக்கிறேன். ரிவர் ரெய்டு. 1982-ல் அதை உருவாக்கியவர் கரோல் ஷா என்ற பெண். அதே அண்ணன்கள் பின்னாளில் பிரவுசிங் சென்டரில் ராத்திரி வரை கவுண்டர் ஸ்ட்ரைக் என்ற துப்பாக்கி கேம் ஆடினார்கள். நான் அங்கே போனது ஹால் டிக்கெட் பிரிண்ட் எடுக்க, அதுவும் அப்பாவோடு. பழக இடம் கொடுக்காமல், வராது வராது என்றால் எப்படி வரும்?

நேற்று வேண்டுமென்றே மைக்கை ஆன் செய்துதான் இறங்கினேன். குதித்த ரெண்டாவது நிமிஷம் அவுட். "பொண்ணுங்க ஆடினா இப்படித்தான்" என்றது ஒரு குரல். அந்தப் புண்ணியவான் எனக்கு முன்னாடியே செத்துப்போய், பொழுதுபோகாமல் என் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவன்.