பாட்டிக்கு இருந்தது முன்கோபம், மேதைமை அல்ல

ஆளாளுக்குப் பகிர்ந்து மெச்சிக்கொண்டிருக்கும் அந்த ஸ்பானியக் கதையின் தமிழாக்கத்தைப் பற்றித்தான். மூலத்தில் பாட்டிக்கு 'மால் ஹேனியோ', அதாவது கெட்ட சுபாவம். 'ஹேனியோ'வை ஆங்கில 'ஜீனியஸ்' என்று எடுத்துக்கொண்டதில், தமிழில் அவள் 'தீய மேதை'. பாவம் கிழவி, அவள் சிடுசிடுப்புக்காரி. அவ்வளவுதான்.

ஸ்பானிய அகாதெமியின் அகராதியில் 'ஹேனியோ'வுக்கு முதல் பொருளே சுபாவம்தான். மேதை பின்னால்தான் வருகிறான். முன்னால் 'மால்' (கெட்ட), 'புவேன்' (நல்ல) நின்றால், 'தெனேர்' (உடைத்திருத்தல்) வினையோடு வந்தால், அது குணம். 'ஹேனியோ இ ஃபிகூரா, ஆஸ்தா லா செபுல்தூரா' என்ற பழமொழி நம் 'பிறவிக்குணம் பொங்கலிட்டாலும் போகாது' அல்லாமல் வேறென்ன?

"ஹேனியோ, ஜீனியஸ் எல்லாம் ஒரே லத்தீன் வேர்தானே" என்று ஒருவர் கிளம்புவார். வேர் ஒன்றுதான், சரி. ரோமில் 'கெனியுஸ்' ஆணோடு கூடவே பிறக்கும் காவல் தெய்வம், பெண்ணுக்கு 'யூனோ'. பிறந்தநாளன்று அதற்கு மதுவும் தூபமும் படைப்பார்கள். மூளைக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

பிரெஞ்சு இன்னும் வம்பு. அங்கே அதே சொல் 'ழெனி'. 1748இல் பிரான்ஸின் மெஸியேரில் தொடங்கிய அரசு 'ழெனி' பள்ளி, மேதைகளை வளர்த்த குருகுலம் அல்ல. கோட்டை கட்டவும் தகர்க்கவும் கற்றுத்தந்த ராணுவப் பொறியியல் பள்ளி. 'ழெனி சிவில்' என்றால் சிவில் இன்ஜினியரிங். இத்தாலியில் 'ஜெனியோ சிவிலே' நம்மூர் பொதுப்பணித்துறை மாதிரி. பக்கத்து உறவான 'இங்கெனியும்' என்ற லத்தீன் சொல் ஸ்பானியத்தில் 'இன்ஹேனியோ' ஆகி, கரும்பாலைக்கும் பெயராயிற்று. கியூபாவில் திரினிதாத் அருகே அப்படி ஒரு பள்ளத்தாக்கே உண்டு, 1988 முதல் யுனெஸ்கோ பட்டியலில். நம் மொழிபெயர்ப்பாளர் கையில் கிடைத்தால் அது 'மேதைகளின் பள்ளத்தாக்கு'.

ஜெர்மன் 'ழெனீ'தான் நாம் சொல்லும் மேதைக்கு ஓரளவு நெருங்கும். அங்கேயும் தத்துவஞானி கான்ட் 1790இல் நியூட்டனுக்கு அந்தப் பட்டத்தைத் தர மறுத்தார்: நியூட்டன் கண்டதைப் படித்தே கற்கலாம், கவிதையை அப்படிக் கற்க முடியாது என்பது அவர் வாதம். ஆங்கிலத்தில் மேதை என்றதும் முதலில் நினைவுக்கு வருவதே நியூட்டன்!

"ஆங்கிலம் வழியாக வந்ததால் நேர்ந்த பிழை" என்கிறீர்களா? ஆங்கில மொழிபெயர்ப்பாளர் இப்படிக் கிழவியை மேதையாக்கியிருக்க மாட்டார். "சொல் ஒன்றுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா?" ஆமாம். கதை முழுக்க அவளுடைய கோபத்தில்தான் நகர்கிறது. அதைச் சொன்னால் பொறாமையாம், மேட்டிமையாம். அகராதியில் முதல் பொருளைப் படிப்பது எப்போதிலிருந்து மேட்டிமை ஆயிற்று? பாராட்டுங்கள், விருதும் கொடுங்கள், யார் தடுத்தார்கள்? அடுத்த பதிப்பிலாவது அந்தக் கிழவியைக் கோபப்பட விடுங்கள்.