கடலூர் துறைமுக நகரம்தான், ஐயா

ஞாயிற்றுக்கிழமை கடலூர் மஞ்சக்குப்பம் கூட்டத்தில் நடந்ததைக் காணொளியில் பார்த்திருப்பீர்கள், விவரிக்கப் போவதில்லை. "துறைமுகம் என்றால் சென்னை, தூத்துக்குடி, கடலூரில் மீனும் புயலும்தானே" என்ற விருந்தினரைக்கூட மன்னித்துவிடலாம். முன்வரிசையில் அமர்ந்து கைதட்டிய நம் ஊர்ப் பெருமக்களைத்தான் மன்னிக்க முடியவில்லை.

கடலூர் துறைமுக நகரம். 1690இல் ஆங்கிலேயர் மராத்தியரிடம் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை விலைக்கு வாங்கியது கடற்காற்று வாங்குவதற்காக அல்ல, இங்கிருந்து துணி ஏற்றுவதற்காக. 1746இல் சென்னை பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனதும் கம்பெனியின் தென்னாட்டுத் தலைமையிடம் இங்கே வந்து 1752 வரை இருந்தது. வெள்ளைக்காரன் பெருமை பேசுகிறாயா என்று சிலர் கிளம்புவார்கள். பக்கத்துப் புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர் தெருவுக்கு மஞ்சள் வண்ணம் அடித்தால் அது பண்பாடு. நான் கோட்டையைப் பற்றிப் பேசினால் மட்டும் அடிமைப்புத்தி!

என் அப்பா கடலூர் முதுநகரில் பார்ஜ் என்னும் சரக்குப் படகிலிருந்து உர மூட்டை இறக்கிய தொழிலாளி. ஆற்றுமுகம் மணல் மேடிடுவதால் பெரிய கப்பல் உள்ளே வராது. கடலில் நங்கூரமிட்டு நிற்கும் கப்பலிலிருந்து சரக்கைப் பார்ஜுக்கு மாற்றி, உப்பனாற்றின் வழியே கொண்டுவருவார்கள். சாக்கைக் குத்தி இழுக்கும் கொக்கியின் மரப்பிடி அவருடைய உள்ளங்கைக்குப் பொருந்தும்படி தேய்ந்திருந்தது. ஐப்பசியில் மழைக்காற்று கிளம்பினால் கப்பலும் இல்லை, கூலியும் இல்லை. எங்கள் தீபாவளிப் பலகாரம் மளிகைக்கடைக் கடன் நோட்டில்தான் வெந்தது. அந்த மனிதர் உழைத்த இடத்தைத்தான் துறைமுகமே இல்லை என்கிறார்கள்.

ஆழமில்லாத துறைமுகத்துக்கு இவ்வளவு பேச்சா என்பார்கள். சென்னைக்கு மட்டும் இயற்கைத் துறைமுகம் இருந்ததா? அலை புரளும் திறந்த கரையில் மசூலாப் படகில் சரக்கு இறக்கிய ஊருக்குக் கடலில் கல்லைக் கொட்டி அலைதடுப்புச் சுவர் கட்டிக் கொடுத்தார்கள். பணமும் மனமும் இருந்தால் ஆழம் வரும். மத்திய அரசின் சாகர்மாலா துறைமுகத் திட்டத்தில் இங்கே சரக்குத் தளம் கட்டியாயிற்றே என்கிறீர்களா? சரி, கப்பல்கள் தொடர்ந்து வந்து கூலி கிடைக்கட்டும், நானும் கைதட்டுகிறேன்.

கடலூர் துறைமுக நகரம் என்பது ரயில்வேக்குக்கூடத் தெரியும். முதுநகர் நிலையத்தின் பெயரே கடலூர் துறைமுகம் சந்திப்பு. நெய்வேலி நிலக்கரி இந்த மாவட்டத்தில், நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலை இந்த மாவட்டத்தில், இரசாயனமும் மருந்தும் தயாரிக்கும் சிப்காட் தொழிற்பேட்டை உப்பனாற்றங்கரையில். நாற்றமெடுக்கும் ஆலைகளை வைக்க மட்டும் கடலூர் தொழில் நகரம், துறைமுகம் கேட்டால் மீன்பிடிக் குப்பம். ஆலை நாற்றத்துக்குப் பயந்து இரவில் சன்னலைச் சாத்திக்கொண்டு படுக்கும், சிப்காட் பக்கத்துக் குடிகாடு ஊர்க்காரர்களிடம் போய்ச் சொல்லுங்கள், இந்த ஊரில் தொழில் இல்லையென்று.

ஆலை வேண்டாமென்று நான் சொல்லவில்லை. எங்கள் வீட்டிலும் சிப்காட் சம்பளம் வாங்கியவர்கள் உண்டு. புகை எங்களுக்கு, கப்பல் வேறு ஊருக்கு என்ற கணக்கைத்தான் கேட்கிறேன். படித்த பிள்ளைகள் ஒரு கப்பல் முகவர் அலுவலகத்தில் வேலை தேடவும் சென்னைக்குப் பேருந்து ஏறுகிறார்கள்.

நகைச்சுவைக்குச் சொன்னதைப் பெரிதாக்காதே என்று காலையிலிருந்து தொலைபேசியில் அறிவுரை. புயல் என்றதும் சிரித்தீர்களே, 2004 சுனாமிக்குப் பிறகு தேவனாம்பட்டினத்தில் உறவினரின் உடலைத் தேடி அலைந்தவர்களும் அந்த அரங்கில் இருந்தார்கள். அவர்கள் சிரித்தார்களா என்று காணொளியை மறுபடி ஓட்டிப் பாருங்கள். இந்தப் பதிவை நீக்கப் போவதில்லை.