புதன்கிழமை வாசகத்தைத் திங்கட்கிழமையிலிருந்து வாசிக்க வேண்டும்

காலை ஐந்து மணி முதலே கைப்பேசியில் ‘இன்றைய நற்செய்திச் சிந்தனை’கள் வரத் தொடங்கிவிடுகின்றன. அக்கம்பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் கூடும் அன்பியக் குழுவிலிருந்து ஒன்று, பாடகர் குழுவிலிருந்து ஒன்று, வெளியூரில் குடியேறிய உறவினரிடமிருந்து ஒன்று. அனுப்புகிறவர்களின் நல்ல மனத்தை நான் பெரிதும் மதிக்கிறேன். எழுந்து நடமாட முடியாத பெரியவர்களுக்கும், இரவுப் பணி முடித்துப் பேருந்தில் வீடு திரும்பும் செவிலியர்களுக்கும் அன்றைக்குக் கிடைக்கும் இறைவார்த்தை அதுவாகவே இருக்கக்கூடும். ஆயினும் அவற்றுள் பெரும்பாலானவற்றில் அன்றைய திருப்பலியின் நற்செய்தி வாசகமே இல்லை என்பது என் நெடுநாள் வருத்தம். வாசகத்தின் நடுவிலிருந்து எடுத்த ஒரு வசனம், அதன் கீழே ஒரு நீதிக்கதை, எந்த நாளுக்கும் பொருந்தக்கூடிய ஓர் ஆசி, கடைசியில் ஒரு செபம் என்று முடிந்துவிடுகிறது. அன்று வாசிக்கப்பட்டது மத்தேயுவா லூக்காவா என்பதுகூடத் தெரியாமல் ‘ஆமென்’ என்று பதில் அனுப்பிவிட்டு வேலைக்குக் கிளம்புகிறோம்.

அன்றாட நற்செய்திச் சிந்தனையின் பயன், அது நேற்றைய வாசகத்தோடும் நாளைய வாசகத்தோடும் கோத்து வருவதில்தான் இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து. திருஅவையும் வாசகங்களை அப்படித்தான் அமைத்திருக்கிறது. விவிலியக் கருவூலத்தை மக்களுக்கு இன்னும் தாராளமாகத் திறந்துவைக்க வேண்டும் என்று, உலக ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-இல் கேட்டுக்கொண்டது. அதன்படி 1969-இல் புதிய வாசக அமைப்பு வெளிவந்தது. ஞாயிறு வாசகங்கள் மூன்றாண்டுச் சுற்றில் வருகின்றன. திருவருகைக் காலம், தவக்காலம் போன்ற சிறப்புக் காலங்கள் நீங்கலான பொதுக்காலத்தில், வார நாள்களின் நற்செய்தியோ ஆண்டுதோறும் ஒன்றேதான்: முதல் 9 வாரங்களுக்கு மாற்கு, 10-ஆம் வாரம் முதல் 21-ஆம் வாரம் வரை மத்தேயு, அதன்பின் 34-ஆம் வாரம் வரை லூக்கா. இடையில் விழா ஏதும் குறுக்கிட்டாலொழிய, பெரும்பாலும் விட்ட இடத்தை ஒட்டியே மறுநாள் வாசகம் தொடர்கிறது.

இந்தத் தொடர்ச்சியை விட்டுவிட்டால் எதை இழக்கிறோம் என்பதற்கு ஒரே ஒரு வாரத்தை எடுத்துக்கொள்கிறேன். அன்னையின் விண்ணேற்பு விழாவை ஒட்டி, ஆகஸ்ட் நடுவில் வரும் பொதுக்காலம் 20-ஆம் வாரம் அது. திங்கட்கிழமை, நிலைவாழ்வைப் பெற என்ன செய்ய வேண்டும் என்று கேட்டு வந்த செல்வரான இளைஞர், உள்ளதையெல்லாம் விற்று ஏழைகளுக்குக் கொடு என்ற சொல்லைக் கேட்டு வருத்தத்தோடு திரும்பிப் போகிறார். செவ்வாய்க்கிழமை, அதைப் பார்த்துக்கொண்டிருந்த பேதுரு, நாங்கள் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தோமே, எங்களுக்கு என்ன கிடைக்கும் என்று கேட்கிறார். புதன்கிழமை வருவதுதான் திராட்சைத் தோட்ட வேலையாள்களின் உவமை: விடியற்காலையில் வந்தவருக்கும் மாலையில் வந்தவருக்கும் நிலக்கிழார் ஒரே கூலி கொடுத்த கதை. அது தனியாக வானத்திலிருந்து விழுந்த கதை அன்று. பேதுருவின் கேள்விக்கு இயேசு சொன்ன விடை. முதலானோர் கடைசியாவர் என்ற கருத்து செவ்வாய்க்கிழமை வாசகத்தை முடித்துவைக்கிறது. புதன்கிழமை வாசகமும் அதே கருத்தைத் திருப்பிச் சொல்லித்தான் முடிகிறது. நம் விவிலியத்தில் கேள்வி 19-ஆம் அதிகாரத்திலும் விடை 20-ஆம் அதிகாரத்திலும் இருப்பதால் இரண்டும் வேறு வேறு எனத் தோன்றுகிறது. அந்த அதிகாரப் பிரிவோ 13-ஆம் நூற்றாண்டில் வந்து சேர்ந்தது.

ஞாயிறு திருப்பலிக்கு மட்டும் வருகிறவர்களுக்கு இந்தத் தொடர்பு கிடைக்க வழியே இல்லை. மூன்றாண்டுச் சுற்றின் முதலாம் ஆண்டில், பொதுக்காலம் 24-ஆம் ஞாயிறன்று மத்தேயு 18-ஆம் அதிகாரத்தின் இரக்கமற்ற பணியாளரைக் கேட்கிறோம். மறு ஞாயிறு நேரே 20-ஆம் அதிகாரத்துக்குப் போய்விடுகிறோம். இளைஞரும் பேதுருவும் இடையில் விடுபட்டுப் போகிறார்கள். வார நாள் வாசகத்தை வீட்டில் அமர்ந்து வாசிக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்கு இது ஒன்றே போதும்.

பேதுருவின் கேள்வியை மனத்தில் வைத்துக்கொண்டு வாசிக்கும்போது உவமையில் முன்பு கண்ணில் படாதவை படுகின்றன. நிலக்கிழார் விடியற்காலையில் அமர்த்தியவர்களிடம் மட்டுமே ஒரு தெனாரியம் என்னும் அக்கால வெள்ளிக்காசைக் கூலியாகப் பேசுகிறார். ஒன்பது மணிக்கு வந்தவர்களுக்கு நேர்மையான கூலி தருவேன் என்ற சொல் மட்டும் கிடைக்கிறது. மாலை ஐந்து மணிக்கு அமர்த்தப்பட்டவர்களிடம் கூலியைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை. போங்கள் என்றதும் போகிறார்கள். கூலியைப் பேசிக்கொண்டு போனவர்கள்தாம் கடைசியில் முணுமுணுக்கிறார்கள்.

மதுரையில் வாழ்கிற நமக்கு இந்த உவமைக்கு விளக்கவுரை தேவையில்லை. காலை ஏழு மணிக்கு முன்பே நகரின் எத்தனையோ முக்குகளில் கொத்தனார்களும் நிமிந்தாள்களும் சித்தாள்களும் தூக்குவாளியோடும் மண்வெட்டியோடும் நிற்கிறார்கள். மேஸ்திரி வந்து வண்டியை நிறுத்தியதும், திடமாக இருக்கிறவர்கள் முதலில் ஏற்றப்படுகிறார்கள். வயதானவர்களும், சற்றே நொண்டி நடக்கிறவர்களும், கைக்குழந்தையோடு வந்த பெண்களும் மிஞ்சுகிறார்கள். ஒன்பதரை, பத்து மணிக்கு மேல் அங்கே நிற்கிறவர்களைச் சோம்பேறிகள் என்று எவராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஏன் நாள் முழுவதும் நிற்கிறீர்கள் என்று கேட்ட நிலக்கிழாருக்கு உவமையில் ஐந்து மணிக்கு நின்றவர்கள் சொன்ன பதில், எங்களை யாரும் கூப்பிடவில்லை என்பதுதான். ஒரு தெனாரியம் என்பது ஒரு குடும்பம் ஒரு நாள் சாப்பிடுவதற்கான கூலி. ஐந்து மணிக்கு வந்தவருக்கு அதில் பன்னிரண்டில் ஒரு பங்கைக் கணக்காகக் கொடுத்து அனுப்பியிருந்தால் அவருடைய வீட்டில் அன்றிரவு உலை வைத்திருக்க முடியாது. ஏழைக் கூலியாளின் கூலியைக் கதிரவன் மறையுமுன் கொடுத்துவிட வேண்டும் என்று இணைச்சட்ட நூல் கட்டளையிடுவதும் இதே பசியை முன்னிட்டுத்தான். இந்த வாசகத்துக்கு, கடவுள் உங்களுக்கு இரட்டிப்பாகத் தருவார் என்று எவராவது சிந்தனை எழுதி அனுப்பும்போது எனக்கு உண்மையிலேயே வேதனையாக இருக்கிறது. அங்கே யாருக்கும் இரட்டிப்பாகக் கிடைக்கவில்லை.

பேதுருவின் கேள்வி நம் பங்குக் கோயில்களிலும் கேட்கிறது. நாங்கள்தாம் தலைமுறை தலைமுறையாகக் கிறிஸ்தவர்கள், கோயில் கட்டக் கல் சுமந்தவர்கள் எங்கள் முன்னோர்கள், ஆகவே திருவிழாச் சப்பரம் முதலில் எங்கள் தெருவுக்கு வர வேண்டும் என்ற பேச்சை இந்தப் பக்கத்து ஊர்களில் கேட்காதவர்கள் குறைவு. இத்தாலியிலிருந்து வந்த இயேசு சபைக் குரு நொபிலி அடிகளார் 1606-இல் மதுரைக்கு வந்து நானூறு ஆண்டுகள் கடந்துவிட்டன. அந்த நீண்ட வரலாறு நமக்குப் பெருமைதான். ஆனால் அதைக் காட்டி, நேற்று ஞானஸ்நானம் பெற்றுக் கடைசி வரிசையில் அமர்ந்திருக்கிறவரைவிட அதிகமாக நாம் கேட்க முடியாது என்று புதன்கிழமை வாசகம் முகத்துக்கு நேரே சொல்கிறது.

செபமும் வாசகத்திலிருந்தே பிறக்க வேண்டும். பன்னிரண்டாம் நூற்றாண்டுத் துறவி இரண்டாம் கீகோ, வாசித்தல், தியானித்தல், செபித்தல், ஆழ்நிலைத் தியானம் என்று படி வகுத்தபோது செபத்தை மூன்றாவதாகத்தான் வைத்தார். அந்தப் புதன்கிழமைக்கு நான் சொல்லும் செபம் இது: “ஆண்டவரே, இன்று எவரும் கூப்பிடாமல் வீடு திரும்புகிறவர்களை நினைத்தருளும். எங்களிடம் வேலை செய்தவரின் கூலி இன்றிரவு எங்கள் கையில் தங்காதிருக்கச் செய்யும். பிறருக்கு நீர் காட்டும் நன்மையைக் கண்டு எங்கள் கண் பொறாமைப்படாதிருக்கட்டும்.” வியாழக்கிழமை இது பொருந்தாது, பொருந்தவும் வேண்டியதில்லை. அன்று அரச மகனின் திருமண விருந்து காத்திருக்கிறது.

நம் குழுக்களில் நாள்தோறும் சிந்தனை எழுதுகிற அன்பர்களிடம் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். அதிகாரத்தையும் வசன எண்களையும் முந்தின நாள் இரவே அனுப்பிவிடுங்கள். விவிலியத்தை எடுத்து, குடும்பத்தில் ஒருவர் உரக்க வாசிக்க, மற்றவர்கள் கோயிலில் செய்வதுபோல் நெற்றியிலும் உதட்டிலும் மார்பிலும் சிலுவை இட்டுக் கேட்கட்டும். காலையில் வரும் உங்கள் சிந்தனை, நேற்று எங்கே விட்டோம் என்ற ஒரு வாக்கியத்தோடு தொடங்கட்டும். கதைகளைக் குறைத்துக்கொள்ளலாம், இயேசு சொன்ன கதையே அங்கே இருக்கிறது. மத்தேயு தொடங்கும் 10-ஆம் வாரத் திங்கட்கிழமையன்று மலைப்பொழிவின் பேறுகள், அதாவது ‘பேறுபெற்றோர்’ என்று இயேசு வாழ்த்தும் வசனங்கள், வாசிக்கப்படுகின்றன. தொடங்குவதற்கு அதைவிட நல்ல நாள் எனக்குத் தெரியவில்லை.