சொல்லிட்டுப் போங்கம்மா

போன திங்கட்கிழமை காலை எட்டே காலுக்குப் பள்ளி கேட்டில் ஒரு அம்மா என் கையைப் பிடித்து மெதுவாகச் சொன்னார்: "டீச்சர், நீங்க அவனுக்கு அந்தப் பொம்மையைக் காட்டுங்க, நான் அப்படியே நழுவிடறேன்." கோத்தகிரியில் ஜூன் மாதக் காலை எப்படி இருக்கும் என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். பல நாள் பத்தடி தள்ளி நிற்பவர் முகம் தெரியாது. அம்மா நாலு எட்டு வைத்தாலே பனிக்குள் போய்விடுவார். பிள்ளை திரும்பிப் பார்க்கும்போது அங்கே வெள்ளையைத் தவிர ஒன்றும் இருக்காது.

"வேணாம்மா, சொல்லிட்டுப் போங்க" என்றேன்.

"சொன்னா அழுவானே டீச்சர்."

"அழட்டும். நான் பார்த்துக்கறேன்."

ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் 19 வருடமாக ஒன்றாம் வகுப்பு எடுக்கிறேன். முதல் வருடம் இந்த நழுவும் வேலைக்கு நானே துணை போயிருக்கிறேன். ஒரு சின்னப் பெண்ணுக்கு ஜன்னல் வழியாகக் குருவி காட்டினேன். அவள் அம்மா அதற்குள் கிளம்பிவிட்டார். குருவியைப் பார்த்துவிட்டுத் திரும்பியவள் கத்தவில்லை. வாசலைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள், மறுபடி வாசலைப் பார்த்தாள். அன்று முழுக்க நான் எதைக் காட்டினாலும் அவள் கண் வாசலை விட்டு நகரவில்லை. அடுத்த வாரம் அம்மா வந்து சொன்னார்: குழாயடிக்குப் போனால்கூட முந்தானையைப் பிடித்துக்கொண்டே வருகிறாளாம், ராத்திரி தூக்கத்தில் கையால் துழாவி அம்மா இருக்கிறாளா என்று பார்க்கிறாளாம். பெரியவர்கள் இரண்டு பேர் சேர்ந்து அந்தப் பிள்ளைக்கு முதல் நாளே நடத்திய பாடம் அது. கொஞ்சம் கண்ணை எடுத்தால் அம்மா காணாமல் போய்விடுவாள் என்ற பாடம்.

அதற்குப் பிறகு நான் யாருக்கும் குருவி காட்டவில்லை.

"ரெண்டு நாள் அழும், அப்புறம் பழகிடும்" என்று எல்லோரும் சொல்கிறோம். பெற்றோரும் சொல்கிறார்கள், என்னோடு வேலை பார்க்கும் ஆசிரியர்களும் சொல்கிறார்கள். அழுகை நிற்கும் என்பது சரிதான். ஆனால் அடங்கிப்போன பிள்ளையையும் பழகிவிட்ட பிள்ளையையும் நாம் ஒரே கணக்கில் வைக்கிறோம். எனக்கு அதுதான் மனசுக்கு ஒப்பவில்லை.

தாயைப் பிரியும் பிள்ளைகளின் மனதை ஆராய்ந்த பிரிட்டிஷ் மனநல மருத்துவர் ஜான் பவுல்பியின் பெயரை ஆசிரியர் பயிற்சியில் பரீட்சைக்காக மனப்பாடம் செய்தேன். வகுப்பில் நின்ற பிறகுதான் அவர் சொன்னது விளங்கியது. அவரோடு வேலை செய்த ஜேம்ஸ் ராபர்ட்சன், லண்டனில் எட்டு நாள் மருத்துவமனையில் இருந்த இரண்டு வயதுக் குழந்தையைப் படம் பிடித்து 1952இல் காட்டினார். அப்போது அங்கே பெற்றோரைப் பெரும்பாலும் பிள்ளையோடு இருக்க விடமாட்டார்கள். பிள்ளைகள் முதலில் கதறும், பிறகு அமைதியாகிவிடும். பழகிவிட்டது என்று ஊழியர்கள் நினைத்துக்கொள்வார்கள். அந்த அமைதி பழகியதால் வந்ததல்ல, நம்பிக்கை விட்டுப்போனதால் வந்தது என்று அவர்கள் இருவரும் சொன்னார்கள். கடைசியில் 1959இல் பிரிட்டனில், மருத்துவமனையில் இருக்கும் பிள்ளைகளின் நலனை ஆராய அமைத்த பிளாட் குழு, பெற்றோரைத் தாராளமாக உள்ளே விடச் சொல்லிப் பரிந்துரைத்தது. பள்ளிக்கூடம் மருத்துவமனை இல்லை, ஐந்து வயது இரண்டு வயதும் இல்லை. ஆனாலும் முதல் வாரத்தில் சத்தமே இல்லாமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளையைப் பார்த்தால் எனக்கு அந்தக் குழந்தைதான் நினைவுக்கு வரும்.

போன வருடம் அப்படி ஒருத்தி வந்தாள். ஜார்க்கண்டிலிருந்து தேயிலைத் தோட்ட வேலைக்கு வந்த குடும்பம். இப்போது நீலகிரியில் நிறைய தோட்டங்களில் அவர்கள்தான் கொழுந்து பறிக்கிறார்கள். அவள் ஒரு நாள்கூட அழவில்லை. "தங்கமான பிள்ளை" என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் இரண்டு நாள் அப்படித்தான் நினைத்தேன். மூன்றாம் நாள்தான் கவனித்தேன், அவள் பையை மடியிலிருந்து இறக்கவே இல்லை. எழுதும்போதும் மடியில்தான், தரையில் உட்கார்ந்து விளையாடச் சொன்னாலும் மடியில்தான். ஒரு கை எப்போதும் ஜிப்பின் மேல். எந்த நிமிடம் கூப்பிட்டாலும் கிளம்பத் தயாராக இருந்திருக்கிறாள். தண்ணீர் பாட்டில் காலையில் வந்த மாதிரியே நிறைந்து சாயந்திரம் திரும்பிப் போனது. இந்தக் குளிரில் தாகம் எடுக்காதுதான், அதனால் முதலில் நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நான்காம் நாள் பெஞ்சு நனைந்தது. அப்போதுதான் புரிந்தது, ஒன்றுக்குப் போக வேண்டும் என்று கேட்கிற வார்த்தை அவளிடம் தமிழில் இல்லை. கேட்க முடியாது என்பதால் குடிக்காமலே இருந்திருக்கிறாள்.

அவள் அப்பாவைக் கூப்பிட்டு, வீட்டில் இதற்கு என்ன சொல்வாள் என்று கேட்டேன். "சூ சூ" என்றார். தண்ணீருக்கு "பானி". அம்மா வருவாள் என்பதற்கு "மம்மி ஆயேகி". கையில் எழுதி வைத்துக்கொண்டேன். அடுத்த நாள் காலை அவள் பக்கத்தில் உட்கார்ந்து மூன்றையும் சொன்னேன். அவள் முகத்தில் சிரிப்பெல்லாம் வரவில்லை. பாட்டிலைத் திறந்து கடகடவென்று பாதி குடித்தாள்.

மொழி விஷயத்தில் வெளியூரிலிருந்து வந்தவர்கள் மட்டும்தான் திண்டாடுகிறார்கள் என்று நினைக்க வேண்டாம். ஹட்டியிலிருந்து, அதாவது படுகர் ஊர்களிலிருந்து வரும் படுகப் பிள்ளைகளில் பாதிப் பேர் முதல் மாதம் என்னிடம் படுகு மொழியில்தான் பேசுவார்கள். பாலுக்கு "ஹாலு" என்பார்கள், பூவுக்கு "ஹூ" என்பார்கள். அதைத் திருத்திக்கொண்டே இருந்தால் இரண்டாம் வாரம் வாயே திறக்க மாட்டார்கள். கீழே சரிவிலிருந்து வரும் இருளர், குறும்பர் பிள்ளைகளும் அப்படித்தான். பிள்ளைக்குப் பயமும் பதற்றமும் இருக்கக் கூடாது, முடிந்தவரை தாய்மொழியில் கற்பிக்க வேண்டும் என்று 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 29ஆம் பிரிவிலேயே இருக்கிறது. இத்தனை மொழியில் நான் பாடம் நடத்த முடியாது. ஆனால் பசி, தண்ணீர், ஒன்றுக்கு, வலி, அம்மா என்று ஐந்து வார்த்தைகளை எந்த மொழியிலும் கற்றுக்கொள்ள முடியும்.

காலை உணவுத் திட்டத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 2022இல் தொடங்கி, 2023 ஆகஸ்ட் 25 முதல் எல்லா அரசு தொடக்கப் பள்ளிகளுக்கும் அது விரிந்தது. சத்து, வருகை என்று அதைப் பற்றி நிறையப் பேசுகிறார்கள், நல்லதுதான். நான் பார்த்தது வேறு. முன்பெல்லாம் பிள்ளை அம்மாவை விட்டுப் பிரிந்த அடுத்த நிமிடம் கரும்பலகை முன்னால் உட்கார வேண்டும். இப்போது ஒரு தட்டும் சூடான கிச்சடியும் பக்கத்தில் இன்னொரு பிள்ளையும் இருக்கிறது. அழுதுகொண்டே ஒரு வாய் எடுத்து வைப்பார்கள், பக்கத்தில் இருப்பவன் தட்டை எட்டிப் பார்ப்பார்கள், பாதியில் அழுகையை மறந்துவிடுவார்கள். அந்த ஜார்க்கண்ட் பெண் முதல் முறையாகச் சிரித்தது, சாப்பிட்டுவிட்டுக் கை கழுவும் இடத்தில்தான். ஐஸ் மாதிரித் தண்ணீர். கூட நின்ற பெண் ஈரக் கையை இவள் கழுத்தில் வைத்துவிட்டாள். இவள் வீல் என்று கத்தினாள், பதிலுக்கு அவள் கழுத்தில் வைத்தாள். இரண்டு பேரும் ஸ்வெட்டர் நனைய நின்று சிரித்தார்கள். ஒருத்தி பேசுவது இன்னொருத்திக்குத் தெரியாது. அன்று அவள் பை பெஞ்சில் கிடந்தது.

வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். "இரு, ஸ்கூலுக்குப் போ, டீச்சர் உரிச்சிடுவாங்க" என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். சோறு ஊட்டவும் தூங்க வைக்கவும் என் பெயரைச் சொல்லிப் பயம் காட்டினால், காலையில் அதே பிள்ளையை என் கையில் பிடித்துக் கொடுக்கும்போது அது யாரிடம் போவதாக நினைக்கும்? "ஆம்பளப் பையன் அழலாமா" என்பதும் அப்படித்தான்.

இன்னொன்று. ஜூனில் அழுது சரியான பிள்ளை நவம்பரில் மறுபடி அழும். எங்கள் பக்கம் வடகிழக்குப் பருவமழைதான் பெரிய மழை. மழைக்கு விடுமுறை விட்டு நாலைந்து நாள் அம்மாவோடு போர்வைக்குள் இருந்த பிள்ளை, பள்ளி திறந்ததும் கேட்டில் நின்றுகொள்ளும். யாரோ அடித்திருப்பார்களோ என்று பெற்றோர் பதறி ஓடி வருவார்கள். பெரும்பாலும் அப்படி இருக்காது, இரண்டு நாளில் சரியாகும். ஆனால் கேட்பது நல்லது. வாரக்கணக்கில் காலையில் மட்டும் வயிறு வலித்தால், வீட்டிலும் பேச்சு குறைந்துவிட்டால், அதைக் கட்டாயம் என்னிடம் வந்து சொல்லுங்கள்.

அந்தத் திங்கட்கிழமை அம்மா சொல்லிவிட்டுத்தான் போனார். "சாப்பாட்டு மணி அடிக்கும், அதுக்கப்புறம் கடைசி மணி அடிக்கும், அப்ப அம்மா இங்கயே நிப்பேன் சாமி" என்று குனிந்து, அவன் முகத்தைப் பார்த்துச் சொன்னார். பையன் கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு பத்து நிமிடம் அழுதான். ஒவ்வொரு மணி அடிக்கும்போதும் "இதா கடைசி மணி?" என்று கேட்டான். கடைசி மணிக்கு அவர் அதே இடத்தில் நின்றிருந்தார். செவ்வாய்க்கிழமை அழுகை ஐந்து நிமிடம்தான்.

ஆனால் புதன்கிழமை அவரால் வர முடியவில்லை, பக்கத்து வீட்டுப் பாட்டி கொண்டுவந்து விட்டார். அந்த இரண்டு நாளும் தேயிலைத் தோட்ட மேஸ்திரியிடம் கெஞ்சி வாங்கிய நேரமாம். லேட்டாகப் போனால் அரை நாள் சம்பளம் போகும். நழுவிப் போகும் அம்மாக்களை நாம் சுலபமாகக் குறை சொல்லிவிடுகிறோம். அவர்களுக்கு நின்று சொல்லிவிட்டுப் போக நேரம் யார் கொடுக்கிறார்கள்? ஒன்றாம் வகுப்பில் பிள்ளையைச் சேர்த்தவர்களுக்கு ஜூனில் முதல் இரண்டு வாரம், காலையில் ஒரு மணி நேரம், சம்பளம் பிடிக்காமல் விட்டுக்கொடுக்கலாம். ஒரு தோட்டத்தில் அப்படிப்பட்ட பெண்கள் எத்தனை பேர் இருந்துவிடப் போகிறார்கள்? சனிக்கிழமை எங்கள் பள்ளிக்குப் பிள்ளை வரும் தோட்டங்களுக்கெல்லாம் நேரில் போய்க் கேட்கப் போகிறேன். கோத்தகிரி, குன்னூர் பக்கம் மேஸ்திரி, சூப்பர்வைசர் யாராவது இதைப் படித்தால் உங்கள் துரையிடம் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.