சஹாராவும் பூமத்திய ரேகையும்: ஒரு திருத்தம்

"ஆப்பிரிக்காவில் பாதிக்கு மேல் சஹாரா, அது முழுக்க மணல், பூமத்திய ரேகை குறுக்கே போவதால்தான் அந்த வறட்சி" என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். மூன்றும் தவறு.

கண்டத்தின் பரப்பு சுமார் 3 கோடி சதுர கி.மீ. சஹாரா ஏறத்தாழ 90 லட்சம், அவ்வளவுதான். அதிலும் மணல் கால்வாசி இருந்தால் அதிகம். மீதி சரளைக்கல் வெளி, பாறை மேட்டுநிலம், மலை. சாட் நாட்டில் திபெஸ்தி மலைத்தொடரின் எமி கூசி எரிமலை 3,400 மீட்டரைத் தாண்டுகிறது.

பூமத்திய ரேகை விஷயம் அப்படியே தலைகீழ். அங்கே சூடான ஈரக்காற்று மேலெழுந்து மழையாகக் கொட்டுகிறது. காங்கோ படுகையின் அடர்காடு அந்த மழையில் வளர்ந்ததுதான். ஈரத்தை இழந்த காற்று உயரத்தில் வடக்கும் தெற்குமாக நகர்ந்து, 20 முதல் 30 டிகிரி அட்சரேகை வாக்கில் கீழிறங்குகிறது. இறங்கும்போது சூடேறி இன்னும் உலர்ந்துபோவதால் மேகம் சேர வழியில்லை. சஹாரா இருப்பது அந்தப் பட்டையில். தெற்கே நமீப் பாலைவனத்துக்கு பெங்குவேலா குளிர் நீரோட்டமும் ஒரு காரணம். அதன் கடலோரத்தில் மழை மிக அரிது, மூடுபனி மட்டும் தாராளம்!

சரி, ரேகையை ஒட்டிய ஊரெல்லாம் கொதிக்கிறதா? நைரோபி ஒன்றரை டிகிரிக்குள்தான் இருக்கிறது. ஆனால் உயரம் சுமார் 1,800 மீட்டர். ஜூலை மாதம் அங்கே போவதானால் ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள்.