அந்த ரிசப்ஷன் பெண்ணுக்குப் பயிற்சி போதவில்லையாம்

அறை கிடைக்காத விருந்தினர் ஒருவர் ஓட்டல் ரிசப்ஷன் பெண்ணிடம் குரல் உயர்த்தும் வீடியோவை எல்லோரும் பார்த்திருப்பீர்கள், விவரமாகத் திரும்பச் சொல்லப் போவதில்லை. எனக்கு அந்த விருந்தினர் மீதுகூடக் கோபமில்லை. நள்ளிரவில் வந்து இறங்கி, கையில் உறுதிச்சீட்டு இருந்தும் அறை இல்லை என்றால் யாருக்கும் குரல் உயரத்தான் செய்யும். எரிச்சலெல்லாம் மறுநாள் காலை நம் துறை ஆலோசகர் ஒருவர் எழுதிய பதிவின் மீதுதான். ஊழியர்களுக்கு டிஜிட்டல் திறன் போதவில்லையாம். லைக் குவிகிறது.

நானும் அதே தொழில்தான். ஓட்டல்கள் என்ன மென்பொருள் வாங்கலாம், எதை எதோடு இணைக்கலாம் என்று சொல்லித்தான் என் பிழைப்பு ஓடுகிறது. அதனால் உறுதியாகச் சொல்கிறேன், ஒரே அறை இரண்டு பேருக்கு விற்கப்பட்டால் பெரும்பாலும் அது கவுண்டரில் நடந்த தவறு இல்லை. முன்பதிவு இணையதளம், எந்த அறை காலி என்று தளங்களுக்குச் சொல்லும் சேனல் மேனேஜர் மென்பொருள், ஓட்டலின் அறைக் கணக்கை வைத்திருக்கும் பிஎம்எஸ் மென்பொருள், இந்த மூன்றும் சந்திக்கும் இடத்தில் நடந்த தவறு. தளத்தில் அறைக்கு ஒரு பெயர் இருக்கும், பிஎம்எஸ்ஸில் வேறு பெயர் இருக்கும். இரண்டையும் பொருத்தும் மேப்பிங்கை யாரோ அவசரத்தில் பிழையாகச் செய்துவிட்டுப் போயிருந்தால், விற்றுத் தீர்ந்த அறை தளத்தில் காலியாகவே தெரியும். இல்லையென்றால் நிர்வாகமே தெரிந்து செய்தது. வராமல் போகிறவர்களைக் கணக்கில் வைத்து, இருப்பதைவிடக் கூடுதலாக விற்பது விமான நிறுவனங்களைப் போல ஓட்டல்களும் செய்வதுதான். அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் கணக்கு பிசகிய இரவில் வந்தவரை எந்த ஓட்டலுக்கு அனுப்புவது, அந்த வாடகையும் டாக்ஸியும் யார் செலவு, மேலதிகாரியைக் கேட்காமல் ரிசப்ஷனில் இருப்பவரே முடிவெடுக்கலாமா என்றெல்லாம் எழுதி வைத்திருக்க வேண்டாமா? இதில் எதை அந்தப் பெண் பயிற்சி எடுத்துச் சரிசெய்வார்?

உடனே "ஊழியர்களும் தவறு செய்வதில்லையா?" என்று வருவீர்கள். செய்வார்கள். சரி, அடுத்தது.

"நீங்கள் தொழில்நுட்பத்துக்கு எதிரி." இதைக் கேட்கும்போதுதான் எனக்கு வலிக்கிறது. ஒரு ஓட்டலில் புது மென்பொருள் வந்த பிறகும் இரவுப் பணியாளர் ஒருவர் நோட்டில் கையால் எழுதிக்கொண்டே இருந்தார். எனக்கு முன்னால் வந்துபோன ஆலோசகர் குழு அதை "மாற்றத்துக்கு எதிர்ப்பு" என்று அறிக்கையில் போட்டு, நோட்டைப் பிடுங்கச் சொல்லியிருந்தது. நான் ஓர் இரவு முழுக்க அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். அந்த நோட்டில் என்ன இருந்தது தெரியுமா? எந்தத் தளத்திலிருந்து வரும் பதிவில் குழந்தைகளின் எண்ணிக்கை விட்டுப்போகிறது, எந்தத் தளத்தின் ரத்து தாமதமாக வந்து சேர்கிறது, யார் பணம் கட்டிய பிறகும் திரை பாக்கி என்று காட்டுகிறது. எல்லாம் தேதி போட்டு. மென்பொருள் நிறுவனம் சம்பளம் கொடுத்துச் செய்ய வேண்டிய சோதனையை அவர் சும்மா செய்து வைத்திருந்தார். எதிர்ப்பாம்!

ஜப்பானில் 2015-இல் திறந்த ஹென் நா ஓட்டல், ரோபோக்கள் வேலை பார்க்கும் முதல் ஓட்டல் என்று கின்னஸில் ஏறியது. அறையில் வைத்த பொம்மை ரோபோ, விருந்தினரின் குறட்டையைக் கேள்வி என்று நினைத்து, அவரை எழுப்பித் திரும்பச் சொல்லச் சொன்னது. 2019-இல் 243 ரோபோக்களில் பாதிக்கு மேல் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவற்றுக்கும் டிஜிட்டல் திறன் போதவில்லை போலிருக்கிறது. 2023 செப்டம்பரில் அமெரிக்க ஓட்டல் நிறுவனமான எம்ஜிஎம் ரிசார்ட்ஸ் சைபர் தாக்குதலில் முடங்கியபோது டிஜிட்டல் சாவி வேலை செய்யவில்லை, கவுண்டரில் நீண்ட வரிசை. பேனாவும் தாளும் வைத்துச் சமாளித்தவர்கள் ஊழியர்கள்தான். நிறுவனமே சொன்ன பாதிப்பு சுமார் 10 கோடி டாலர்.

"ஆலோசகர் எல்லா ராத்திரியும் கவுண்டரில் உட்கார முடியுமா?" எல்லா ராத்திரியும் யார் கேட்டார்கள்? ஒரு ராத்திரி போதும். செக்-இன் நெரிசலில் ஒரு மணி நேரம், அன்றைய கணக்கை முடிக்கும் நைட் ஆடிட் ஓடும்போது ஒரு மணி நேரம். அதற்கு நேரமில்லை, ஆனால் அறுபது பக்க ஸ்லைடு போட நேரம் இருக்கிறது.

இதை ஏன் இவ்வளவு கோபமாகச் சொல்கிறேன் என்றால், ஒரு நிறுவனத்துக்கு நான் கொடுத்த அறிக்கையில் முதல் பரிந்துரையே மேப்பிங்கைச் சரிபார்க்கவும், ரிசப்ஷன் ஆட்களில் ஒருவரை மென்பொருள் பற்றி முடிவெடுக்கும் கூட்டத்துக்கு அழைக்கவும் என்பதுதான். "ஏஐ பற்றி ஒரு பக்கம்கூட இல்லையே" என்றார்கள். வேலை வேறொருவருக்குப் போனது. போகட்டும், அது தொழிலில் சகஜம். ஆனால் அந்தக் கூட்டத்துக்கு ரிசப்ஷனிலிருந்து இன்றுவரை யாரையும் கூப்பிட்டதாகத் தெரியவில்லை. தவறு நடந்தால் மட்டும் கேமரா முன்னால் அவர்கள்தான் நிற்க வேண்டும்.

கமெண்ட்டில் "யாரைச் சொல்கிறீர்கள்" என்று கேட்காதீர்கள். அந்தப் பதிவை எழுதிய ஆலோசகர் என் நட்புப் பட்டியலில்தான் இருக்கிறார். படிக்கட்டும்.