மாமா, எனக்குத் தங்கம் விலை தெரியாது

எம்.ஏ. எகனாமிக்ஸ்னு வாயத் திறந்தா போதும், பந்தியிலகூட விடமாட்டேங்கிறாங்க. "மாப்ள, தங்கம் எப்ப இறங்கும்?"

மாமா, இந்த செமஸ்டர் முழுக்க நான் முட்டி மோதினது நிலைப்புள்ளித் தேற்றத்தோட, அதாவது எல்லாத்தையும் இடம் மாத்தினாலும் நகராத ஒரு புள்ளி சில நிபந்தனையில கட்டாயம் இருக்கும்னு சொல்ற கணக்கோட! அந்த மாதிரிக் கணக்க வச்சுத்தான், சில நிபந்தனைகள் இருந்தா எல்லாச் சந்தைக்கும் சமநிலை விலை (வாங்க நினைக்கிற அளவும் விக்க நினைக்கிற அளவும் ஒத்துப்போற விலை) உண்டுன்னு 1954ல ஆரோ, டெப்ரூன்னு ரெண்டு பொருளாதார அறிஞர்கள் நிரூபிச்சாங்க. உண்டு, அவ்வளவுதான். அந்த விலைக்குச் சந்தை எப்படிப் போய்ச் சேரும்னு அதுல கிடையாது. மூணு வாரம் போர்டு நிறைய எழுதினாரு எங்க சார். 'ரூபாய்'ங்கிற வார்த்தை ஒரு தடவைகூட வரல. (எனக்குப் பாதி புரியல, அது வேற கதை.)

சொன்னா, "அப்போ காலேஜ்ல என்னதான்டா சொல்லித் தர்றாங்க?"ன்னு பாயசத்த உறிஞ்சிக்கிட்டே கேக்குறாரு. இப்ப அம்மாவும் ஆரம்பிச்சிட்டாங்க: வெங்காயம் இன்னிக்கே வாங்கிடவா, நாளைக்குப் பாக்கலாமா?